ஓசிப் பிரதி

அந்தக் கட்டைவிரல் யாருடையது என்று தெரிந்தால்கூட என் குமட்டல் கொஞ்சம் அடங்கும். புத்தகம் மூடிக்கொள்ளாமல் இருக்க இடது கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் ஃபோனில் படம் எடுத்துத் தள்ளியிருக்கிறாள், அதனால் ஒன்று விட்டு ஒரு பக்கம் கீழ் மூலையில் அந்த விரல் வந்து படுத்திருக்கிறது, பாதி உரிந்த ரோஸ் நகப்பூச்சு, நகக்கண்ணில் மஞ்சள், அதற்கும் அடியில் கறுப்பாக ஒரு கோடு, புளியோ மையோ அழுக்கோ, பெரிதாக்கிப் பார்த்தேன், எதற்குப் பெரிதாக்கிப் பார்த்தேன், பார்த்திருக்கவே வேண்டாம், காலையில் தின்ற உப்புமா இப்போது நெஞ்சுக்குழியில் வந்து நிற்கிறது. என் நாவலில் மாராத்தாள் பஞ்சுக் குடோன் வாசலில் உட்கார்ந்து மூச்சு வாங்குகிற இடம் அது. அந்த ஒரு வரிக்காக ஒரு மாதம் முட்டி மோதியிருக்கிறேன், வரியில் பாதி இப்போது விரலுக்கு அடியில். எடு, கையை எடுடி என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அவர் எட்டிப் பார்த்தார். “என்ன கோகிலா?” “ஒண்ணுமில்லீங்க, உளுந்து.” உளுந்துக்கும் கைக்கும் என்ன சம்பந்தம் என்று அவரும் கேட்கவில்லை, முப்பத்தைந்து வருஷக் குடித்தனத்தில் அந்த மாதிரிக் கேள்விகளெல்லாம் தீர்ந்துபோய்விட்டன. சமையலறையில் கிரைண்டர் ஓடுகிறது, ஞாயிற்றுக்கிழமை, வாரத்துக்கு வேண்டிய மாவு, போய் ஒரு கை தண்ணீர் தெளித்து ஓரத்தில் ஒட்டியதைத் தள்ளிவிட்டு வர வேண்டும், ஈரக்கையோடு வந்து லேப்டாப்பைத் தொட வேண்டும், நாலைந்து எழுத்துகளின் மேல் ஏற்கெனவே மாவு காய்ந்து வெள்ளையாக இருக்கிறது.

கழிவுப்பஞ்சு, அதுதான் பெயர், நான் எழுதிய ஒரே நாவல். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்துக்கொண்டே, சாப்பாட்டு இடைவேளையில் எல்லோரும் சேலை பேசிக்கொண்டிருக்கும்போது ஓரமாக உட்கார்ந்து எழுதினது. பத்தொன்பது வருஷம் ஆகிறது. ஐந்நூறு பிரதி போட்டார்கள், போட்ட மனிதரும் போய்ச் சேர்ந்துவிட்டார், அவர் பதிப்பகம் இருந்த இடத்தில் இப்போது செல்ஃபோன் கவர் விற்கிறார்கள். பீரோவில் புடவைகளுக்கு நடுவே ஒரே ஒரு பிரதி இருக்கிறது, அதுதான் நான் எழுத்தாளர் என்பதற்குச் சாட்சி. எத்தனை பேரிடம் கேட்டிருப்பேன், மறுபதிப்பு போடுங்கள், மறுபதிப்பு போடுங்கள் என்று. பார்க்கலாம்மா, பார்க்கலாம்மா. அப்புறம்தான் போன மாதம் சென்னையிலிருந்து இந்த இளம்பரிதி கூப்பிட்டான், சின்னப் பதிப்பகம், சின்ன வயசு, குரலில் ஒரு மரியாதை. “மேடம், கண்காட்சிக்குக் கொண்டுவந்துரலாம். அந்த முடிவு இருக்கே மேடம், படிச்சுட்டு ரெண்டு நாள் எனக்கு ஒண்ணும் ஓடல. அதுக்காகவே போடறேன்.” என் நாவலின் கடைசியில் பெய்கிற மழையைச் சொல்கிறான். எனக்குக் கண் கலங்கிவிட்டது, இவரிடம்கூடச் சொல்லாமல் பாத்ரூமில் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். ஆனால் அவன் அடுத்து ஒன்று சொன்னான். “ஒரே ஒரு பிரச்சினை மேடம். நெட்ல அது சும்மா கெடக்குது. ஓசியில இருக்கறத நான் போட்டா யாரு வாங்குவா? ஆத்தர் நீங்க கேட்டாத்தான் எடுப்பாங்க. அடுத்த மாசம் மொத திங்கக்கிழமை பிரஸ்ஸுக்கு ஃபைல் போவுது. அதுக்குள்ள எடுத்துட்டீங்கன்னா போட்டுரலாம், இல்லன்னா அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.” அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் என்றால் என்ன என்று பதிப்பாளர்களோடு பழகிய எவருக்கும் தெரியும். நாளைக்குத் திங்கட்கிழமை.

நாலு தளங்களில் கிடந்தது. மூன்றில் எடுத்துவிட்டார்கள், உள்ளே திறந்து பார்க்கத் தேவைப்படவில்லை, மெயில் போட்டு, கெஞ்சி, படிவம் நிரப்பி, ஆதாரமாக அட்டையைப் படம் பிடித்து அனுப்பி. இது நாலாவது, இதுதான் இருப்பதிலேயே கேவலம். முதல் பத்துப் பக்கம் காட்டுவான், மீதியெல்லாம் மங்கலாக்கி வைத்திருப்பான், மீதியைப் பார்க்க வேண்டுமா, நீயும் ஏதாவது ஒன்றைக் கொண்டுவந்து போடு. பார்க்காமல் புகார் செய்யவும் முடியாது, எந்தப் பக்கம் முதல் எந்தப் பக்கம் வரை உங்களுடையது என்று படிவத்தில் கேட்கிறான். என் வீட்டுக்குள் நான் நுழைய வாசலில் நிற்கிறவனுக்கு மொய் வைக்க வேண்டும். என்னிடம் என்ன இருக்கிறது போட, நான் செயலாளராக இருக்கிற குடியிருப்போர் சங்கத்தின் கூட்டக் குறிப்பு இருந்தது, ஏழாவது குறுக்குத் தெருச் சாக்கடை பற்றி, அதைத் தூக்கிப் போட்டேன். சாக்கடையைக் கொடுத்து என் நாவலைத் திறந்தேன். அதையும் உடனே எவனோ பார்த்திருக்கிறான், எதற்கு என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம், ஓசி என்றால் பினாயிலையும் குடிக்கிற ஜனம். அப்போதுதான் உறைத்தது, இந்த விரல்காரியும் அப்படித்தான் போட்டிருப்பாள். நிலாப்பெண் என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிறாள், படத்துக்குப் பதில் ஒரு ரோஜாப்பூ. என்மேல் பிரியத்தினாலா போட்டாள், ஜாக்கெட் கழுத்து டிசைனோ பிள்ளையின் வினாத்தாளோ பார்க்க வேண்டியிருந்திருக்கும், கைக்குக் கிடைத்ததைத் தூக்கிப் போட்டிருப்பாள். நான் எழுதின ஆறு வருஷம் ஒரு ஜாக்கெட் டிசைனுக்குச் சில்லறை. அதற்குக் கீழே நன்றி நன்றி என்று ஒரு கூட்டம். நிலா அக்கா, உங்க சேவை தொடரட்டும். நிலா அக்கா, நைட்டெல்லாம் அழுதேன். நிலா அக்கா, இவங்க எழுதின வேற கதை இருந்தா போடுங்க. இவங்க. எனக்குப் பெயர்கூட இல்லை, இவங்க. கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்தவளுக்குத்தான் புண்ணியம், தேங்காய் வைத்திருந்தவளை யார் கேட்டது. சேவையாம், த்தூ.

தண்ணீர் தெளித்துவிட்டு வந்தேன். உளுந்து இன்னும் பொங்கவில்லை. பக்கங்களைத் தள்ளத் தள்ள அருவருப்பு ஏறிக்கொண்டே போகிறது. நூலக முத்திரை, ஊர்ப்பெயர் தெரியாதபடி அழிந்துபோன ஊதா மை. ஒரு பக்கத்தில் எண்ணெய், முறுக்கோ வடையோ, எண்ணெய் பட்ட இடத்தில் பின்பக்கத்து எழுத்தும் சேர்ந்து தெரிகிறது. ஒரு பக்கத்தில் செத்த கொசு, நசுங்கி, அதன் இரத்தத்தோடு, யாருடைய இரத்தம், அடித்தவன் எந்த ஊர்க்காரன். மாராத்தாளின் குறைப்பிரசவம் வருகிற பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவில் ‘அய்யோ பாவம்’ என்று எழுதி, அதற்குக் கீழே இன்னொருவர் ‘பாவம்தான்’ என்று எழுதியிருக்கிறார், அதற்கும் கீழே ஒரு பொம்மைப் படம். என் புத்தகம் இத்தனை பேர் கையில் புரண்டிருக்கிறது, இத்தனை பேர் எச்சில் தொட்டுத் திருப்பியிருக்கிறார்கள், எனக்கு ஒரு போஸ்ட்கார்டு வந்ததில்லை. சந்தோஷப்பட வேண்டுமாம், இவர் அப்படித்தான் சொல்கிறார், இவருக்கு எல்லாமே சுலபம். முந்தாநாள்கூட, “அட உடு கோகிலா, திருடறதுக்கு ஒரு பொருள் இருக்குதுன்னு நெனச்சுக்கோ, எங்காபீஸ் ஃபைலையெல்லாம் தெருவுல போட்டாக்கூட எவனும் எடுக்க மாட்டான்” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மில் குடியிருப்பில் பொது நல்லித் தண்ணீரில் குளிக்கும்போது ஓலைத்தட்டியில் ஓட்டை போட்டுப் பார்த்தவன் ஒருத்தன் இருந்தான், எனக்குப் பதிமூன்று வயசு, ஓட்டையில் ஒரு கண் மட்டும் தெரிந்தது, யாருடையது என்று கடைசிவரை தெரியவேயில்லை, குடியிருப்பில் எந்த ஆம்பளை முகத்தைப் பார்த்தாலும் இந்தக் கண்ணாக இருக்குமோ என்று வயிறு புரளும். இன்றைக்கு அதே புரட்டல். கடையில், பஸ்ஸில், கோயிலில், இனிமேல் எந்தப் பொம்பளையின் கட்டைவிரலைப் பார்த்தாலும் எனக்கு உப்புமா மேலே வரப்போகிறது. தள்ளு, அடுத்த பக்கம், தள்ளு, சீக்கிரம் கடைசிக்குப் போய்ப் பக்க எண்ணைக் குறித்துக்கொண்டு இந்தச் சனியனை மூடு.

கடைசிக்குப் போனேன். ஆறுக்குட்டி திரும்பி வருகிற இடம். மாராத்தாளின் புருஷன், இன்னொருத்தியோடு திருப்பூருக்கு ஓடிப்போனவன், மில்லும் மூடி எல்லாம் முடிந்தபிறகு இருமிக்கொண்டு வந்து வாசலில் நிற்கிறான். அந்தப் பக்கத்தோடு படங்கள் நின்றுவிட்டன. அதற்கு அடுத்து இருந்த தாள்களை யாரோ கிழித்திருக்கிறார்கள், தையலோரம் பல்லுப்பல்லாகத் தெரிகிறது, நூலகத்துக் கதைப்புத்தகத்தில் கடைசித் தாள் இருந்தால்தானே அதிசயம், எந்தப் பயல் எதைப் பொட்டலம் கட்டக் கிழித்தானோ. சரி, இங்கேயே நிறுத்தியிருப்பாள் என்று பார்த்தால் இல்லை. தட்டச்சு செய்த பக்கங்கள், ஐந்து பக்கம், வேறு எழுத்து, பெரிய எழுத்து, கல்யாணப் பத்திரிகை அடிக்கிற மாதிரி வளைந்த எழுத்து. என் மாராத்தாள் அதில் மாராத்தா ஆகியிருக்கிறாள். என்ன இது என்று படிக்க ஆரம்பித்தேன், இது என்னுடையது இல்லை. என் புத்தகத்தில் இப்படி ஒரு வரியும் இல்லை. ஆறுக்குட்டி வாசலில் நிற்கிறான். மாராத்தா குடோனில் கழிவு பிரித்துவிட்டு வந்து தலையிலிருந்து பஞ்சைப் பிய்த்துக்கொண்டிருக்கிறாள், கண் இமையில்கூடப் பஞ்சு, நிமிரவில்லை. அவன் இருமுகிறான். அவள் எழுந்து உள்ளே போய் வட்டலை எடுத்து வைக்கிறாள். ‘உண்டுட்டுப் போங்க’ என்கிறாள். அவன் உட்கார்ந்து உண்கிறான், மோர் கேட்கிறான், ஊற்றுகிறாள், ஊறுகாய் கேட்கிறான், வைக்கிறாள், டாக்டர் என்ன சொன்னார் என்று அவனாகவே சொல்கிறான், கேட்டுக்கொள்கிறாள். உண்டுவிட்டுப் பழைய வழக்கத்தில் மூலையில் இருந்த பாயைப் பார்க்கிறான். அவள் அந்தப் பாயைச் சுருட்டி நிமிர்த்திச் சுவரில் சாத்துகிறாள். அப்போதுதான் அவள் சொன்னதில் பாதி சோறு, பாதி போ என்பது அவனுக்குப் புரிகிறது. செருப்பைத் தேடுகிறான். வட்டலைக் கழுவிக் கவுத்தி வெச்சா, முற்றும். அவ்வளவுதான். எழுத்துப் பிழை, ஒற்று கிடையாது, புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் புள்ளி கிடையாது.

என் முடிவில் மழை பெய்யும். வாசலில் நிற்கிறவனைத் தாண்டி மாராத்தாள் வெளியே போவாள், பூட்டிக்கிடக்கிற மில் கேட்டுக்கு முன்னால் போய் நிற்பாள், மழை வரும், கேட்டு நனையும், அவள் நனைவாள், குடோன் வாசலில் சிதறிக்கிடந்த பஞ்சு நனையும். ஒரு விமர்சகர் கவித்துவமான முடிவு என்று எழுதினார், அந்தத் துண்டுக் காகிதத்தை லேமினேட் போட்டு வைத்திருக்கிறேன். கவித்துவமாம். ஆறு வருஷம் அவளோடு பழகியும், வாசலில் வந்து நிற்கிற புருஷனிடம் அவள் என்ன பேசுவாள் என்று எனக்குத் தெரியவில்லை, தெரியாததால்தான் மழையைக் கூப்பிட்டேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, என்னிடமே சொன்னதில்லை, இப்போது உளுந்து அரைகிற சத்தத்துக்கு நடுவில் ஒரு ரோஜாப்பூக்காரி வந்து சொல்லிவிட்டுப் போகிறாள். எவ்வளவு திமிர். கிழிந்துபோயிருந்தால் கிழிந்துபோயிருக்கிறது என்று எழுதிவிட்டுப் போக வேண்டியதுதானே. திருட வந்தவள் திருடிக்கொண்டு போக வேண்டியதுதானே, அடுப்பைப் பற்றவைத்து எதற்குச் சமைக்கிறாள். சமைத்ததையும் எதற்கு இத்தனை ருசியாகச் சமைக்கிறாள். இல்லை, ருசி இல்லை, என்ன ருசி, சீரியல் மாதிரி, அழுகை இல்லாத சீரியல். மறுபடி படித்தேன். பாயைச் சுருட்டுகிற இடம். மறுபடி. வயிற்றில் ஏதோ ஒன்று கெட்டுப்போன பால் மாதிரி திரண்டுகொண்டு வந்தது, அவள்மேல் வருகிற அருவருப்பு என்று இதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன், அவள்மேல் என்றால் வாந்தி எடுத்துவிட்டால் போய்விடும், இது போகிற மாதிரி தெரியவில்லை.

“கோகிலா, கிரைண்டர் சத்தம் மாறுது பாரு” என்று அவர் குரல் கொடுத்தார். போய்த் தண்ணீர் தெளித்தேன். மாவைத் தள்ளிவிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் ஒன்று சுருக்கென்றது, இளம்பரிதியிடம் என் புத்தகமே இல்லையே. நான் அனுப்பவில்லையே. அட்டைப்படம் மட்டும்தானே ஃபோனில் அனுப்பினேன். திங்கட்கிழமை பிரஸ்ஸுக்குப் போகிற ஃபைலை எதை வைத்து அடித்தான். மறுபதிப்பு என்ற சொல் காதில் விழுந்த பரவசத்தில் இதைக் கேட்கத் தோன்றவேயில்லை, எனக்கெல்லாம் மூளை எங்கே இருக்கிறது. கையைத் துடைக்காமலே ஃபோனை எடுத்தேன், திரையெல்லாம் மாவு. “சொல்லுங்க மேடம், எடுத்துட்டாங்களா?” “இன்னும் ஒண்ணு இருக்குது தம்பி. நீங்க என் நாவல எதுல படிச்சீங்க?” “அது வந்து... தப்பா நினைக்காதீங்க மேடம், நெட்லதான். புக்கு எங்க மேடம் கெடைக்குது? பழைய புத்தகக் கடையிலெல்லாம் தேடிட்டேன்.” “அடிச்சதும் அத வெச்சா?” “ஆமா மேடம், கட்டைவிரல் மறைச்ச எடமெல்லாம் நானே ஒரு மாதிரி ஊகிச்சுப் போட்டேன், புரூஃப்ல நீங்க பாத்துக்கங்க.” ஊகித்துப் போட்டானாம். வேலி, பயிர், மேய்ச்சல். ஓசியில் படித்துவிட்டு, ஓசியில் அடித்துவிட்டு, ஓசியில் இருப்பதை எடுக்கச் சொல்கிறான். கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை, வேறொன்று கேட்டேன், என் குரல் எனக்கே கேவலமாகக் கேட்டது. “முடிவு நல்லா இருக்குதுன்னீங்களே, எது?” “என்ன மேடம் இப்படிக் கேட்டுட்டீங்க? உண்டுட்டுப் போங்க! எங்கம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன் மேடம், அவங்க எந்திரிச்சு உள்ள போயிட்டாங்க. பின்னட்டையிலயே அதத்தான் போட்டிருக்கேன். மேடம், இந்த மாதிரி ஒரு வரிய எப்படி மேடம் பிடிச்சீங்க?” உளுந்து சத்தம் ஃபோன் வரைக்கும் கேட்டிருக்கும். “அது... தானா வந்துச்சு தம்பி” என்றேன். தானாகத்தான் வந்தது, அதில் பொய் எங்கே, எங்கிருந்தோ தானாகத்தான் வந்தது.

ஃபோனை வைத்துவிட்டுப் படிவத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். படைப்பின் பெயர், எழுதினேன். உரிமையாளர் பெயர், ச. கோகிலாமணி, எழுதினேன். உங்கள் பெயரும் மின்னஞ்சலும் பதிவேற்றியவருக்குத் தெரிவிக்கப்படும், தெரிவித்துக்கொள், யார் என்று அவளும் தெரிந்துகொள்ளட்டும். எந்தப் பக்கம் முதல். ஒன்று. எந்தப் பக்கம் வரை. இங்கே வந்து கை நின்றது. அதற்குக் கீழே ஒரு சின்னக் கட்டம், மேலே குறிப்பிட்ட பக்கங்கள் முழுவதும் என் சொந்தப் படைப்பு, இது பொய்யானால் சட்டப்படியான தண்டனைக்கு உட்படுகிறேன், டிக் போடு. படம் எடுத்த பக்கங்கள் முடிகிற இருநூற்று ஏழு என்று போட்டால் அது உண்மை. இருநூற்று ஏழு போட்டாலும் மொத்தமாகத்தான் எடுப்பார்கள், பிறகென்ன, போட வேண்டியதுதானே. ஆனால் இருநூற்று ஏழு என்று போட்டால் மீதி ஐந்து பக்கம் என்னுடையது இல்லை என்று என் கையால் எழுதிக்கொடுத்த மாதிரி, அவளுக்கும் அந்த மெயில் போகும், அவள் தலை நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வாள், நாளைக்கு எங்கேயாவது எடுத்து நீட்டுவாள். இளம்பரிதியிடம் உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால்? மழையைப் போடச் சொன்னால் போடுவானா? அப்படியா மேடம் என்பான், அடுத்த வருஷம் பாத்துக்கலாம் மேடம் என்பான். அவளைத் தேடிப் பிடித்து, அம்மா தாயே உன் பெயரையும் போடுகிறேன் என்று கேட்கலாம். எதற்கு? பொதுநல்லித் தட்டியில் கண் வைத்தவனைக் கூப்பிட்டு நடுவீட்டில் உட்கார வைத்துப் பந்தி போடுவதா? மாராத்தாள் யாருடையவள்? என்னுடையவள். ஆறுக்குட்டியைப் பெற்றது யார்? நான். வாசல் என்னுடையது, வட்டல் என்னுடையது, அந்தப் பாய்கூட மூன்றாவது அத்தியாயத்தில் நான் வாங்கிப் போட்ட பாய். என் அரிசியை எடுத்து என் அடுப்பில் வைத்து இறக்கினால் சோறு யாருடையது? சோறு என்னுடையதுதான். உப்பு மட்டும் அவளுடையது என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். இதை இரண்டு மூன்று தடவை எனக்குள் சொல்லிக்கொண்டேன், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் உறுதியாக இருந்தது, ஒவ்வொரு தடவையும் வாயில் கொஞ்சம் புளித்தது. பீரோவைத் திறந்து என் பிரதியை எடுத்து மழையைப் படித்துப் பார்க்கலாமா என்று எழுந்தேன், படித்தால் அது நன்றாக இருந்துவிட்டால் என்ன செய்வது, நன்றாக இல்லாவிட்டால் என்ன செய்வது, உட்கார்ந்துவிட்டேன். இருநூற்றுப் பன்னிரண்டு என்று போட்டேன். கட்டத்தில் டிக் போட்டேன். பன்னிரண்டின் இரண்டு மாவுக்கு அடியில் இருந்தது, கொஞ்சம் அழுத்தித் தட்ட வேண்டியிருந்தது.

உளுந்து எடுத்து, அரிசி போட்டு, அதையும் அரைத்து வழித்து, உப்புப் போட்டுக் கையால் கலக்கி வைத்துவிட்டு வந்து பார்த்தால் எடுத்துவிட்டிருந்தார்கள். மனுஷன் பார்த்தால்தானே நேரமாகும், இயந்திரம் போலிருக்கிறது. விரல் இல்லை, கொசு இல்லை, நிலா அக்காவுக்கு நன்றி சொன்னவர்கள் இல்லை, சாம்பல் நிறத்தில் வெறும் பக்கம், உரிமையாளரின் வேண்டுகோளின்படி நீக்கப்பட்டது. இளம்பரிதிக்கு அதைப் படம் எடுத்து அனுப்பினேன், பத்துக் கைத்தட்டல் பொம்மை அனுப்பினான். “எடுத்துட்டாங்களா?” என்று கேட்டுக்கொண்டே அவர் தண்ணீர் குடிக்க வந்தார். “எடுத்துட்டாங்க.” “அப்பறம் என்ன, புஸ்தகம் வருதுல்ல, மூஞ்சி ஏன் இப்படிக் கெடக்குது?” திருடனுக்குத் தேள் கொட்டினால் என்ன சொல்வான். “கரண்ட் கம்மியாட்டங்க, அரிசி சரியா அரையல” என்றேன். அவர் மாவைத் தொட்டுப் பார்த்து, நல்லாத்தானே இருக்குது என்று போனார். கையைக் கழுவினேன். சோப்புப் போட்டு இன்னொரு தடவை கழுவினேன், நகத்துக்கு அடியில் மாவு போகவில்லை, ஊக்கு எடுத்து நோண்டினேன்.

மெயில் வந்தது. நிலாப்பெண்ணின் சொந்தப் பெயர் காஞ்சனா என்று இருந்தது, ஊர் சோமனூர். அக்கா வணக்கமுங்க என்று ஆரம்பித்திருந்தாள். ‘உங்க பேரப் பாத்ததும் நம்பவே முடியலீங்க. இந்தக் கதைய எழுதுனவங்க உசுரோட இருப்பீங்கன்னே எனக்குத் தெரியாதுங்க, தெரிஞ்சிருந்தா கேட்டிருப்பனுங்க. லைப்ரரி புக்கு எல்லாருக்கும் கெடைக்கட்டுமேன்னுதான் போட்டனுங்க, தப்புத்தானுங்க, மன்னிச்சுக்குங்க. எடுத்தது நாயமுங்க. கடைசித் தாளு கிழிஞ்சிருந்துச்சுங்க, படிக்கறவங்க ஏமாந்துருவாங்கன்னு அந்த அஞ்சு பக்கம் மட்டும் நானா எழுதிப்போட்டனுங்க. உங்க முடிவு எப்படி இருக்குமோ தெரியல, அது இதவிட எவ்வளவோ நல்லா இருக்குமுங்க, புது புக்கு வந்தா வாங்கிப் படிக்கோணும். அக்கா, ஒரே ஒரு ஒதவிங்க. நான் வாழ்க்கையில எழுதுனது அந்த அஞ்சு பக்கந்தானுங்க. பழைய ஃபோன் போனதுல எங்கிட்ட வேற காப்பி இல்ல, அதுல இருக்குதேன்னு இருந்துட்டனுங்க. இப்ப அதும் போயிருச்சு. உங்ககிட்ட இருந்தா அத மட்டும் எனக்குத் திருப்பி அனுப்புவீங்களா? அது உங்குளுக்கு வேண்டியிருக்காதில்லீங்க.’

இரண்டு தடவை படித்தேன். முழுப் பிரதியும் என் லேப்டாப்பில் இறங்கிக் கிடக்கிறது, சாக்கடைக் குறிப்பைக் கொடுத்து இறக்கியது, கடைசி ஐந்து பக்கத்தைத் தனியாகப் பிரிக்கவும் எனக்குத் தெரியும், சங்கத்துக்காக வாரம் ஒரு முறை செய்கிற வேலை. அனுப்பிவிட்டால், புத்தகம் வரும்போது அவளும் வாங்குவாள், கடைசிப் பக்கத்தைத் திறப்பாள், பக்கத்தில் அவளுடையதை வைத்துப் பார்ப்பாள். அனுப்பாவிட்டால், அவளிடம் வைத்துப் பார்க்க ஒன்றும் இருக்காது, அவள் ஞாபகம் மட்டும்தான் இருக்கும், ஞாபகத்தை யார் நம்புவார்கள், நாளாக நாளாக அவளே நம்ப மாட்டாள். இப்படியெல்லாம் யோசிக்கிற ஒரு ஜந்து எனக்குள் இருக்கிறது, அது எவ்வளவு நிதானமாக யோசிக்கிறது என்று பார்க்கப் பார்க்க எனக்கே என்னைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளப் பிடிக்கவில்லை. பதில் எழுதும் இடத்தைத் திறந்தேன். அன்புள்ள காஞ்சனாவுக்கு, வணக்கம். உங்கள் மன்னிப்பை ஏற்றுக்கொள்கிறேன், இனிமேல் இப்படிச் செய்யாதீர்கள். நாவல் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நான் எழுதியதுதான். நீங்கள் எந்த ஐந்து பக்கத்தைச் சொல்கிறீர்கள் என்று எனக்குப் புரியவில்லை. எழுத்துப் பிழை இருக்கிறதா என்று ஒரு தடவை சரிபார்த்துவிட்டு அனுப்பினேன்.